பன்னிரண்டாவது ரீடிங்

ஒன்பதாவது படியில் கால் நின்றுவிட்டது. பத்தாவது படி எங்கேயும் போய்விடவில்லை, கண்ணுக்கு நேரே இருந்தது. அதுவரைக்கும் போக மூச்சுதான் இல்லை. ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் திருப்பத்துச் சுவரில் இருந்த தகரப் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே குனிந்தாள். முதல் மாடிக்காரர் வீட்டுத் தண்ணீர் மீட்டர். கண்ணாடிமேல் தூசி. கட்டைவிரலால் துடைத்தாள். உள்ளே சின்னச் சிவப்பு முள் சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ குளிக்கிறார்கள்.

மேலே மூன்றாம் மாடியில் கதவு திறந்தது.

“என்ன, இங்கயும் டியூட்டியா? ஒன்பதரைக்கு டாக்டர்கிட்ட இருக்கணும். அந்த மீட்டர் எங்கயும் ஓடிடாது, மேல வா.”

புருஷன் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்தப் பஸ் எங்கிருந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்று முப்பது வருஷமாக ஊருக்குச் சொல்லி வருகிறவர். அவர் பேசினால் மைக் இல்லாமலே மூன்று மாடிக்கும் கேட்கும். மீட்டர் ஓடுகிறதா என்றுதான் பார்க்கிறேன் என்று பதில் சொல்ல அவளுக்கு வாய் வந்தது. மூச்சு வரவில்லை.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நெஞ்சுக்குள் இருந்த கல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க இரண்டு நிமிஷமும் சில விநாடிகளும் ஆயின. பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, பெட்டி மூடிமேல் வைத்து எழுதினாள். தேதி ஒன்று. மணி ஆறு ஐந்து. ஒன்பது. பக்கத்தில் குறிப்பு: ‘நெஞ்சில் கல். இரண்டு நிமிஷம்.’ அதற்கு மேலே பதினொரு வரிகள் இருந்தன. இது பன்னிரண்டாவது. நோட்டை மூடும்போது சிரிப்பு வந்தது. ஒரு வருஷமாக அடைகாத்த சிரிப்பு.

இந்தப் படிக்கட்டு நிற்றல் அந்தக் கட்டடத்தில் பிரசித்தம். “என் பொண்டாட்டி வீட்டுக்கு வர்றப்பவும் வழி நெடுக ரீடிங் எடுத்துட்டுத்தான் வருவா” என்று புருஷன் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லியிருந்தார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரிக்காவிட்டால் ஏன் நிற்கிறாள் என்று சொல்ல வேண்டிவரும். அந்த ஒரு நகைச்சுவைக்குள் அவளுடைய இதய நோய் சௌகரியமாகக் குடியிருந்தது.

தண்ணீர் வாரியத்தில் அவளுக்கு இருபத்துநான்கு வருஷ சர்வீஸ். தோளில் கறுப்புப் பை, உள்ளே ஒரு டார்ச், தொட்டி மூடியைத் தூக்க ஒரு கொக்கி, ரீடிங் புத்தகம். நாலாவது வட்டம் முழுக்க அவளுடையது. மீட்டரம்மா என்றால் நாய்க்கும் தெரியும். சுவருக்கும் செடிக்கும் நடுவில், படிக்கட்டுக்கு அடியில், மொட்டைமாடித் தொட்டிப் பக்கத்தில் என்று மனிதர்கள் மீட்டரை எங்கெங்கே ஒளித்துவைப்பார்களோ அங்கெல்லாம் அவள் தலை போயிருக்கிறது. குழாய்க்காரன் தலைகீழாக மாட்டிவிட்டுப் போன மீட்டரைக்கூட நின்ற இடத்திலிருந்தே படித்துவிடுவாள்.

அந்த வட்டத்தில் ஒரு சலவைக்கூடம் இருந்தது. பத்து இயந்திரங்கள் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஓடும். மீட்டர் மட்டும் புருஷன் பொண்டாட்டி இரண்டு பேர் இருக்கிற வீடு மாதிரி ஓடும். மீட்டரை ஓடவிடாமல் பிடிக்க அதன்மேல் காந்தம் வைத்திருந்தான். சலவைக்காரன் நல்ல வாய்க்காரன். போகும்போதெல்லாம் நாற்காலி போட்டுக் குளிர்ந்த தண்ணீர் கொடுப்பான். அவள் குடித்துவிட்டு ரீடிங்கை எழுதிக்கொண்டு வந்தாள். பதினொரு மாத ரீடிங்குடன் புகார் எழுதி மேலே அனுப்பினாள். கோப்பு திரும்பி வந்தது. விதி இதுதான்: மீட்டர் பழுது என்று சொல்ல வேண்டுமானால் ஒரே ஆள், ஒரே தேதியில், தொடர்ந்து எடுத்த பன்னிரண்டு ரீடிங் வேண்டும். பதினொன்று போதாது. அதற்குள் சேதி கசிந்து, சலவைக்காரன் மீட்டரையே மாற்றிவிட்டான். அதற்குப் பிறகு அவளைப் பார்க்கும்போதெல்லாம், “என்னம்மா, பன்னெண்டு ஆயிடுச்சா?” என்று கேட்பான். கேட்டுவிட்டுத் தண்ணீர் கொடுப்பான்.

புது மீட்டரிலும் காந்தம் ஏறியது. அவள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். பன்னிரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. தண்ணீரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பதின்மூன்றாம் மாதம் இணைப்பைத் துண்டித்தார்கள். வாரியத்து ஆட்கள் குழாயில் முத்திரை வைக்கிறவரை எதிர்ப்பக்கத்து நடைபாதையில் நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போனாள். பன்னிரண்டு ஆவதற்கு முன்னால் வாயைத் திறந்தவன் முட்டாள். இருபத்துநான்கு வருஷ சர்வீஸில் அவள் படித்த பாடம் இது ஒன்றுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அலுவலகத்தில் நடந்த உடல் பரிசோதனையில், நெஞ்சில் குழலை வைத்த டாக்டர் அதை உடனே எடுக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே எக்கோ பார்த்தார்கள். இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகிற வழியில் ஒரு வால்வு, கதவு மாதிரி, அது சுண்ணாம்பு படிந்து இறுகிக்கொண்டிருக்கிறது, முழுக்கத் திறப்பதில்லை என்று இதய டாக்டர் விளக்கினார். நல்ல மனிதர். படம் போட்டுக்கூடக் காட்டினார். ஒரு நாள் மாற்றத்தான் வேண்டும், ஆனால் எப்போது என்பதை நோயாளிதான் சொல்ல வேண்டும் என்றார். படி ஏறினால் மூச்சு வாங்குவது, நெஞ்சை அடைப்பது, மயக்கம். மூன்றில் ஒன்று வந்தாலும் மறுநாளே வந்துவிட வேண்டும்.

அவளுக்கு இது பிடித்திருந்தது. துருப்பிடித்த குழாய் யார் வீட்டில்தான் இல்லை? மீட்டர் சரியாக இருந்தால் போதும், எப்போது உடைக்கலாம் என்று தெரிந்துவிடும்.

“மாடி ஏறினா மூச்சு வாங்குதாம்மா?” என்று டாக்டர் அவளைப் பார்த்துக் கேட்டார்.

“எங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்” என்றார் புருஷன்.

அப்போது அது பொய்யில்லை. அதனால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எல்லா இடத்திலும் அப்படித்தான். கடையில் அவளுக்குச் செருப்பு வாங்கப் போனாலும், “எங்களுக்கு முன்பக்கம் கடிக்குது” என்று அவர்தான் சொல்வார். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று ஊர் சொல்லும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வாயில்லாத பிள்ளை என்ன ஆகும் என்று ஊர் சொல்வதில்லை.

ஆறு மாதம் கழித்துப் போனபோதும் எங்களுக்கு ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்த ஆறு மாதத்துக்குள் அவள் மொட்டைமாடி மீட்டருக்கு ஏறுவதை விட்டிருந்தாள். கீழே நின்று, “கொஞ்சம் பாத்துச் சொல்லிடுங்கம்மா” என்று குரல் கொடுப்பாள். வீட்டுக்காரர்கள் மேலிருந்து எண்ணைச் சொல்வார்கள், எழுதிக்கொள்வாள். பார்க்காமல் போட்ட ரீடிங். பிடிபட்டால் சஸ்பென்ஷன். தனக்கே இது வெட்கமாக இருந்தது. மூன்றாவது தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனாள்.

அன்றைக்கு டாக்டருக்கே ஒரு சந்தேகம் இருந்தது. எக்கோவில் வால்வு இவ்வளவு சுருங்கியிருக்கிறது, நீங்கள் ஒன்றும் இல்லை என்கிறீர்களே, எதற்கும் டிரெட்மில்லில் ஒரு தடவை நடக்கவைத்துப் பார்த்துவிடலாமா என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். புருஷன் அவள் கைமேல் தன் கையை வைத்தார்.

“நீ இரு, நான் சொல்றேன்ல” என்றவர் டாக்டரிடம், “எதுக்கு சார் அது? நடக்கறதுதான எங்களுக்குப் பொழப்பே. தினம் ஏழெட்டுக் கிலோமீட்டர். வீடு மூணாவது மாடி, லிப்டும் கிடையாது. இதவிட என்ன டிரெட்மில்?” என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். பேனாவை எடுத்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, தலைகீழாக, அவர் எழுதுவதை அவள் வரி வரியாகப் படித்தாள். தொந்தரவு எதுவும் இல்லை. படி ஏறுவதில் சிரமம் இல்லை. நடைச் சோதனை தேவைப்படவில்லை.

சமதரையில் மெதுவாக நடந்தால் அவளால் அடுத்த ஊர்வரைகூட நடக்க முடியும். படிதான் முடியாது. அதைக் கேட்க அந்த அறையில் ஆள் இல்லை. ஒருத்தர் மீட்டரைப் பார்க்காமல் எண்ணைச் சொல்கிறார். இன்னொருத்தர் மீட்டரைப் பார்க்காமல் அதை எழுதிக்கொள்கிறார். மீட்டர் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். சலவைக்காரன் கொடுத்த தண்ணீரின் ருசி நாக்கில் வந்தது.

அடுத்த முதல் தேதி காலை ஆறு மணிக்குக் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, கீழ்ப்படியிலிருந்து எண்ணிக்கொண்டே ஏறினாள். மொத்தம் ஐம்பத்துநான்கு படி. எந்தப் படியில் நிற்க நேர்கிறதோ அதுதான் ரீடிங். முதல் மாதம் முப்பத்தாறு.

மாதங்கள் போயின. வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. அவர் சுடுதண்ணீர் வைத்துக் கொடுப்பார், மாத்திரையை ஞாபகப்படுத்துவார். “உனக்கென்ன, இரும்பு” என்று முதுகில் தட்டுவார். அவள் உள்ளுக்குள் கறுவிக்கொண்டு, வெளியே தலையாட்டினாள். ஆறு ரீடிங் ஆன வாரம் நாலாவது தடவையாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆறாவது ரீடிங் இருபத்தேழு. நோட்டு மடியில் இருந்த பைக்குள். “அப்படியேதான் சார் இருக்கோம், கல்லுக்குண்டு மாதிரி” என்றார் புருஷன். சொல்லட்டும் என்று இருந்தாள். ஆறை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தால் கோப்பு திரும்பி வரும். வீட்டுக்கு வந்து குறிப்பில் எழுதினாள்: ‘அவர் சொன்னது, கல்லுக்குண்டு.’ எழுதும்போது அவளுக்கு ஒரு தித்திப்பு இருந்தது. அதை இல்லை என்று சொல்ல முடியாது.

பத்தாவது மாதம் ஒரு வீட்டு வாசலில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தொட்டி மூடிமேல் உட்கார்ந்துவிட்டாள். வீட்டம்மா முகத்தில் தண்ணீர் தெளித்து, யாருக்காவது போன் பண்ணட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள். டாக்டர் சொன்ன மூன்றில் மூன்றும் வந்தாயிற்று. ஆனால் பத்துதான் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு.

அந்த இரண்டும் முடிந்த நாள்தான் இது.

காரில் போகும்போது புருஷன் டிரைவரிடம் எந்தச் சாலையில் எத்தனை மணிக்கு நெரிசல் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எக்கோ அறையில் நெஞ்சில் களிம்பைத் தடவிக் கருவியை வைத்து அழுத்திய பெண் வழக்கமாக வளவளவென்று பேசுகிறவள், அன்றைக்குப் பேசவில்லை. ஒரே இடத்தை நாலு தடவை அளந்தாள். “மூச்சு வாங்குதாம்மா?” என்று கடைசியில் கேட்டாள். டாக்டரிடம் சொல்கிறேன் என்றாள் இவள். அந்தப் பெண்ணிடம் சொல்லி வீணாக்குவானேன்.

டாக்டர் எக்கோ தாளைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, “எப்படி இருக்கீங்க?” என்றார்.

“எங்களுக்கு…” என்று புருஷன் ஆரம்பித்தார்.

“நீங்க இருங்க” என்றாள்.

அவள் சத்தம் போடவில்லை. ஆனால் முப்பது வருஷத்தில் அவர் வாக்கியம் ஒன்று பாதியில் நின்றது அதுதான் முதல் தடவை. டாக்டர் நிமிர்ந்தார். அவள் நோட்டைப் பிரித்து, அலுவலகத்தில் மேலதிகாரிக்குப் படித்துக் காட்டுகிற அதே ராகத்தில், தேதி, மணி, எண், குறிப்பு என்று படிக்க ஆரம்பித்தாள். முப்பத்தாறு. முப்பத்தாறு. முப்பத்துநாலு. முப்பத்தொன்று. நடுநடுவே மூச்சுக்கு நிறுத்தினாள். அவசரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு ஆணி. நிதானமாக அடித்தாள்.

“என்ன இது விளையாட்டு, டாக்டர் முன்னாடி?” என்று நாலாவது எண்ணில் புருஷன் சிரித்தார். கல்லுக்குண்டில் சிரிப்பு நின்றது. பத்தாவது வரியில், “மயக்கமா? எங்கிட்ட சொல்லவே இல்லயே நீ” என்றார்.

“சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? எங்களுக்கு மயக்கம் எல்லாம் வராது சார்னு இங்க வந்து சொல்லியிருப்பீங்க.”

அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. அவள் பன்னிரண்டாவதையும் படித்து முடித்து, நோட்டை மூடாமலே டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“உங்க ஃபைல்ல போன வருஷம் என்ன எழுதியிருக்குன்னு நான் சொல்லட்டுமா சார்? படி ஏற சிரமம் இல்ல. டெஸ்ட் தேவையில்ல. நான் தலைகீழாவும் படிப்பேன். எங்க ஆபீஸ்ல இதுக்குப் பேரு பாக்காம போட்ட ரீடிங். வேலை போயிடும்.”

டாக்டர் பழைய பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அவள் சொன்ன வரி அங்கே இருந்தது. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“உங்களத்தான் நான் கேட்டிருக்கணும்” என்றார். “படி ஏறினா மூச்சு வாங்குதான்னு கேட்டதும் தப்பு. கடைசியா எப்ப படி ஏறினீங்கன்னு கேட்டிருக்கணும். என் மேல தப்பு.”

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இன்னும் இரண்டு வாக்கியம் தயாராக வைத்திருந்தாள். அவை வீணாய்ப்போயின. ஆனாலும் நன்றாக இருந்தது. டாக்டர் முகம் விழுந்திருந்தது, புருஷன் வாய் அடைத்திருந்தது. குழாயில் முத்திரை வைத்த அன்றைக்கு நின்றாற்போல முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

டாக்டர் நோட்டைக் கேட்டு வாங்கினார். மெதுவாகப் படித்தார். இதைப் போல ஒன்றை எந்த நோயாளியும் தனக்குக் கொண்டுவந்து கொடுத்ததில்லை என்று சொன்னார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார்.

“இந்த இருபத்தேழு. இந்த மாசம்தான நீங்க இங்க வந்தீங்க?”

“ஆமா.”

“நோட்டு?”

“பையில இருந்தது.”

“கையிலயே வெச்சுக்கிட்டு ஏன் எடுக்கல?”

“அப்ப ஆறுதான் சார் இருந்தது. பன்னெண்டு வேணும்ல.”

டாக்டருக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். ஒரே ஆள், ஒரே தேதி, தொடர்ந்து பன்னிரண்டு. பதினொன்றைக் கொண்டுபோய் ஒரு தடவை ஏமாந்தது, சலவைக்காரன், காந்தம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே வரும்போது ஏதோ ஓரிடத்தில் தன் குரல் தேய்வது அவளுக்கே கேட்டது. இதைவிட ஒழுங்கான நியாயம் இல்லை என்று ஒரு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்ததை இந்த அறையில் எடுத்து வைத்ததும் அது வேறு மாதிரி இருந்தது.

டாக்டர் எக்கோ தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவளுக்கு அது தேவையில்லை, ஆனாலும் திருப்பினார்.

“ஆறு மாசம் முன்னாடி இதயத்தோட பம்ப்பிங் அறுபது சதவீதம் இருந்தது. இன்னைக்கு முப்பத்தெட்டு. வால்வ மாத்திடலாம், இந்த வாரமே மாத்தறோம். ஆனா அந்தக் கதவ முட்டித் தள்ளித் தள்ளி தசை ஓய்ஞ்சு போச்சு. அன்னைக்கே இந்த நோட்ட நீட்டியிருந்தா அது கெட்டிருக்காது. ஆபரேஷனும் இவ்வளவு பயமா இருந்திருக்காது. இனிமே எவ்வளவு திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியல.”

வெளியே அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள்.

தன் மூக்கை அறுத்துக்கொண்டு எதிராளிக்குச் சகுனத்தடை செய்தவனைப் பற்றி அவளுக்குச் சின்ன வயசிலேயே தெரியும். அவன் ஒரு முட்டாள் என்று நினைத்திருந்தாள். அவன் ஒழுங்காக நாள் பார்த்து, தேதி குறித்து அறுத்திருப்பான் என்று இப்போது தோன்றியது.

புருஷன் பக்கம் திரும்பினாள். அவர் முறை. பார்த்தியா, நீயே ஒளிச்சு வெச்சுட்டு என்னைச் சொல்றியே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாதி பாரம் அவர் பக்கம் போய்விடும். அவர் வாயைத் திறந்தார். மூடினார். கண் கலங்கியிருந்தது. ஊருக்கே வழி சொல்கிற வாய்க்கு இந்த நேரம் பார்த்துப் பேச்சு வரவில்லை. அதற்காகவும் அவரை அவள் மன்னிக்கவில்லை.

டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொன்னார். எழுந்து போகும்போது நாற்காலியில் இடித்துக்கொண்டு போனார். கதவு சாத்திக்கொண்டது. டாக்டர் புதிதாக ஒரு தாளை எடுத்து, முதலிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். மூச்சு எப்போது, எத்தனை படியில், எத்தனை நிமிஷத்தில் தெளிகிறது. நெஞ்சடைப்பு எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது. படுத்தால் எத்தனை தலையணை. எந்த எந்த வேலையை விட்டுவிட்டாள், எப்போதிலிருந்து. அவள் சொல்லச் சொல்ல எழுதினார். தலைகீழாகப் படித்துக்கொண்டே வந்தாள். தப்பில்லை. ஒரு இடத்தில் அவர் பதினைந்து என்று எழுதியதைப் பன்னிரண்டு என்று திருத்தினாள். அவர் அடித்துவிட்டு எழுதினார்.

கடைசியில் வால்வைப் பற்றிச் சொன்னார். இரண்டு வகை உண்டு. ஒன்று திசுவால் ஆனது. தொந்தரவு குறைவு, ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்தில் மறுபடி மாற்ற வேண்டியிருக்கலாம். இன்னொன்று உலோகம். ரொம்ப நாள் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுசு பூராவும் மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. அவள் வயசுக்கு இரண்டுமே வைக்கலாம், அவள்தான் சொல்ல வேண்டும். உலோகத்தில் இன்னொரு விஷயம், சிலருக்கு அது பிடிப்பதில்லை என்றார். மூடும்போதெல்லாம் டிக் டிக் என்று ஒரு சின்னச் சத்தம் வரும்.

“யாருக்குக் கேக்கும்?”

“உங்களுக்குக் கேக்கும். ராத்திரி சத்தம் இல்லாதப்ப பக்கத்துல படுத்திருக்கறவங்களுக்கும் கேக்கலாம்.”

“நிக்காம கேக்குமா?”

“நிக்கக்கூடாதும்மா.”

அவள் சாத்திய கதவைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் தலையின் பின்பக்கம் தெரிந்தது. வழுக்கை விழ ஆரம்பித்திருந்தது.

“அதையே வைங்க” என்றாள்.

அன்றைக்கு அவளை வீட்டுக்கு அனுப்பவில்லை. படியே ஏறக்கூடாது என்று சக்கர நாற்காலியில் வைத்து வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். துணிமணி எடுத்துவர அவர் மட்டும் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். ஆறு மணிக்கு எடை பார்த்தார்கள். ஏழரைக்கு அவர் பையோடு வந்தார். இரண்டு நைட்டி, சீப்பு, கண்ணாடி, துண்டு, சோப்பு இருந்தன. செருப்பை மறந்திருந்தார். அவளுடைய மீட்டர் டார்ச்சைக் கொண்டுவந்திருந்தார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

எட்டு மணிக்கு நர்ஸ் வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவரிடம், “ராத்திரி தூங்கினாங்களா? மூச்சு வாங்குச்சா?” என்று கேட்டாள்.

“அவங்ககிட்டயே கேளுங்க” என்றார்.

நர்ஸ் அவளிடம் கேட்டாள். தூங்கவில்லை, இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தேன் என்றாள். நர்ஸ் எழுதிக்கொண்டு போனாள்.

பதினொரு மணிக்கு ஆஞ்சியோவுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு இல்லை. பன்னிரண்டரைக்குத் திரும்பக் கொண்டுவந்து, காலை மடக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நாலாவது வட்டத்துக்கு வேறொரு ஆளைப் போட்டிருக்கிறார்கள், தொட்டி மூடியைத் தூக்குகிற கொக்கி எங்கே என்று கேட்டார்கள். வீட்டில் கறுப்புப் பையில் இருக்கிறது என்றாள். மொட்டைமாடி மீட்டர்கள் பதினேழும் போன வருஷத்திலிருந்து அவள் ஏறிப் பார்க்காதவை, புதிய ஆளை மேலே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னாள். எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். கொடுக்கிறேன் என்றாள்.

சாயங்காலம் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“எண்ணிப் பாத்தேன், அம்பத்துநாலு படி இருக்கு” என்றார்.

“தெரியும்” என்றாள்.

ஆறு மணிக்கு நர்ஸ் வந்து, கட்டில் தலைமாட்டுப் பலகையில் வியாழன் காலை ஏழு மணி, உலோக வால்வு என்று எழுதிவிட்டுப் போனாள். பார்வையாளர் நேரம் முடிந்து அவர் கிளம்பினார். படிக்கட்டு இருட்டாக இருக்கும், டார்ச்சை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். எடுத்துக்கொண்டு போனார்.